நடுவில் 3 மடங்கு, துருவத்தில் 700 மடங்கு: மெஸ்க்லின் கணக்கு சரியா?

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் ஹால் கிளெமென்ட் எழுதிய 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலைப் படித்திருக்கிறான். மெஸ்க்லின் என்ற கிரகத்தின் நடுக்கோட்டில் நின்றால் பூமியில் இருப்பதைவிட 3 மடங்கு எடை, துருவத்துக்குப் போனால் கிட்டத்தட்ட 700 மடங்கு எடை என்று அவன் சொல்ல, நீங்கள் நம்பவில்லை. "ஒரே கிரகத்தில் எப்படி இரண்டு ஈர்ப்பு? இது இயற்பியலா, ரீலா? இதைப் படித்துப் பையன் தப்பாக எதையாவது கற்றுக்கொள்வானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஈர்ப்பு இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுமா என்பது ஒன்று. அப்படி ஒரு கிரகம் எங்கேயாவது இருக்க முடியுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல.

கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேல் இயக்கவியல் நடத்தியவன் நான். சுழலும் பொருள்கள் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கிரகத்தைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்துவிடுவேன். சுருக்கமாகச் சொன்னால்: யோசனை சரி, 3 சரி, 700 தப்பு. அந்த 700 இருக்க வேண்டிய இடத்தில் 240-லிருந்து 310-க்குள் ஒரு எண் இருக்க வேண்டும். கிரகம் அப்படியே உருவாகியிருக்குமா என்று கேட்டால், இன்றைய அறிவுப்படி இல்லை.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மெஸ்க்லினின் துருவத்தில் மனிதர்கள் அனுப்பிய ஆய்வு ராக்கெட் ஒன்று மாட்டிக்கொள்கிறது. அதில் இருக்கும் தகவல் விலைமதிப்பற்றது, ஆனால் அந்த எடையில் மனிதன் அங்கே கால்வைக்க முடியாது. நடுக்கோட்டுப் பகுதியில் படாதபாடு பட்டுக் கொண்டிருக்கும் லாக்லண்ட் என்ற மனிதர், பார்லென்னன் என்ற உள்ளூர்க் கப்பல் தலைவனோடு ஒப்பந்தம் போடுகிறார். பார்லென்னன் சுமார் 15 அங்குல நீளம், பூரான் மாதிரி உடம்பு, 36 கால்கள். மீத்தேன் கடலில் சரக்கு ஏற்றித் திரியும் வியாபாரி. அவனும் அவன் ஆட்களும் துருவம்வரை போகும் பயணம்தான் கதை.

சரி, ஈர்ப்புக்கு வருவோம். இடத்துக்கு இடம் எடை மாறுவது பூமியிலேயே நடக்கிறது. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு ஊசல் கடிகாரம் எடுத்துப் போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் கோளாறு இல்லை, கயேனில் ஈர்ப்புதான் கொஞ்சம் குறைவு. பூமி சுழல்வதால் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர்களை அந்தச் சுழற்சி லேசாக வெளியே தள்ளுகிறது. அதே சுழற்சியால் பூமியின் இடுப்பு கொஞ்சம் பருத்தும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் 9.78, துருவத்தில் 9.83. வித்தியாசம் அரை சதவீதம். சென்னையில் சுருள்வில் தராசில் 60 கிலோ காட்டுபவர் அதே தராசோடு துருவத்துக்குப் போனால் 300 கிராம் கூடியிருப்பார். அவ்வளவுதான்.

இந்த அரை சதவீதத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் கிரகத்தை வேகமாகச் சுற்ற விட வேண்டும். பழைய தேர்வுக் கேள்வி ஒன்று உண்டு: நடுக்கோட்டில் எடையே இல்லாமல் போக வேண்டுமென்றால் பூமி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்? விடை, இப்போது சுழல்வதைப் போல 17 மடங்கு. நாள் என்பது 24 மணி நேரத்துக்குப் பதில் சுமார் 84 நிமிடம். அந்த வேகத்தில் நடுக்கோட்டில் இருப்பவர் மிதப்பார், துருவத்தில் இருப்பவர் வழக்கம்போல நடப்பார். கிளெமென்ட் செய்தது இதேதான். எடையை முழுவதும் பூஜ்யமாக்காமல், மனிதன் பல்லைக் கடித்துத் தாங்கக்கூடிய 3 மடங்கில் நிறுத்திவிட்டார்.

அவர் கொடுத்த அளவுகளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். கிரகத்தின் நிறை வியாழனைப் போல 16 மடங்கு. நடுக்கோட்டு விட்டம் 48,000 மைல், அதாவது சுமார் 77,000 கி.மீ. ஒரு நாள் 18 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. நிறை முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், நடுக்கோட்டில் உள்ளே இழுக்கும் ஈர்ப்பு பூமியைப் போல 139 மடங்கு வருகிறது. சுழற்சியால் வெளியே தள்ளுவது 137 மடங்கு. கழித்தால் மிச்சம் 2. கிரகம் தட்டையாக இருப்பதால் நடுக்கோட்டில் ஈர்ப்பு இன்னும் கொஞ்சம் கூடும், 3 என்பது அதற்குள் அடங்கிவிடும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண் வருகிற இடம் இது. நாளின் நீளத்தில் பத்து வினாடி மாறினாலே விடை கணிசமாக நகர்ந்துவிடும். அவரும் அதைத் தெரிந்துதான் எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த நடுக்கோட்டில் நிற்பவர் வினாடிக்கு 228 கி.மீ. வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பார் என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். நம் நடுக்கோட்டில் அது அரை கி.மீ. கூட இல்லை.

துருவத்தில்தான் சறுக்கல். அங்கே சுழற்சியின் தள்ளல் கிடையாது, ஈர்ப்பு மட்டும்தான். கிளெமென்டின் கிரகம் இட்லி போல அழுங்கிய வடிவம். துருவங்களுக்கு இடையே விட்டம் 20,000 மைலுக்கும் குறைவு, சுமார் 32,000 கி.மீ. மையத்திலிருந்து துருவம் 16,000 கி.மீ. தூரம்தான் என்பதால், அதே 16 வியாழன் நிறையை மையத்தில் ஒரு புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டால் 800-க்கும் மேல் வருகிறது. 700 என்ற எண் இந்த ஊரைச் சேர்ந்தது. ஆனால் நிறை புள்ளியாக இல்லையே! அழுங்கிய உருவத்தில் பெரும்பகுதி நிறை பக்கவாட்டில், துருவத்திலிருந்து தள்ளி இருக்கிறது. கிரகம் முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்து நான் போட்ட கணக்கில் துருவ ஈர்ப்பு 240 மடங்குதான் வந்தது.

"இல்லை சார், நிறை மையத்தில்தான் குவிந்திருக்கிறது" என்று ஒரு மாணவர் ஒருமுறை விடாமல் வாதாடினார். நல்ல வாதம். ஆனால் அப்படிக் குவிந்திருந்தால் கிரகம் அவ்வளவு தட்டையாகவே முடியாது. மையத்தில் நிறை குவிந்த ஒரு பொருளை உடையும் எல்லைவரை சுழற்றினாலும், துருவ ஆரம் நடுக்கோட்டு ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்காது. கிளெமென்ட் அதை ஐந்தில் இரண்டு பங்காக வைத்திருக்கிறார். மூன்றில் இரண்டு என்று வைத்துப் போட்டால் துருவத்தில் சுமார் 310 மடங்கு வருகிறது. ஆக இந்தப் பக்கம் 240, அந்தப் பக்கம் 310. உள்ளே அடர்த்தி எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து உண்மை இடையில் எங்கோ இருக்கும். இவை காகிதத்தில் போட்ட தோராயக் கணக்குகள், ஒற்றைப்படைவரை நம்ப வேண்டாம். ஆனால் எப்படிப் போட்டாலும் 700 வராது. இதைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த அறிவியல் புனைகதை ரசிகர்கள் பிற்பாடு கணினியில் போட்டுப் பார்த்து, துருவ ஈர்ப்பு பாதிக்கும் குறைவு என்று காட்டினார்கள். கிளெமென்டும் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதில் வியப்பில்லை, அவர் ஆடிய ஆட்டமே அதுதான். இந்த நாவல் 1953-ல் 'அஸ்டவுண்டிங்' இதழில் ஏப்ரல் முதல் ஜூலை வரை தொடராக வந்தது. ஜூன் இதழில் கிரகத்தை எப்படி வடிவமைத்தேன் என்று தனியாக ஒரு கட்டுரையும் எழுதினார். அறிவியல் புனைகதை என்பது எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் நடக்கும் விளையாட்டு. அறிவியல் தவறைக் கண்டுபிடித்தால் வாசகனுக்கு வெற்றி, தவறு கிடைக்காவிட்டால் எழுத்தாளனுக்கு வெற்றி என்பது அவர் கட்சி. ஹால் கிளெமென்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ். ஹார்வர்டில் வானியல் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், அப்புறம் பல வருடம் மாசசூசெட்ஸில் பள்ளி ஆசிரியர். மாணவன் தன் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தால் மகிழ்ந்துபோகும் வாத்தியார் ரகம் என்று நினைக்கிறேன். அந்த ரகத்தை எனக்குத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. 16 வியாழன் நிறை என்பது அவர் சும்மா எடுத்த எண் அல்ல. அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தில் 61 சிக்னி என்ற இரட்டை விண்மீன் இருக்கிறது. 11.4 ஒளியாண்டு தூரம். 1838-ல் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர் தூரம் அளந்து புகழ்பெற்ற விண்மீன் அது. 1940-களின் தொடக்கத்தில் காய் ஸ்ட்ராண்ட் என்ற வானியலாளர், அமெரிக்காவின் ஸ்ப்ரவுல் ஆய்வகப் படத்தட்டுகளை அளந்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருப்பதாகவும் அதன் நிறை வியாழனைப் போல 16 மடங்கு என்றும் அறிவித்தார். கிளெமென்ட் அதைத்தான் மெஸ்க்லின் ஆக்கினார். அன்றைக்கு அது நேர்மையான அறிவியல். பின்னால் வந்த அளவைகளில் அந்தத் துணை காணாமல் போய்விட்டது. அதே ஆய்வகத்திலிருந்து 1963-ல் பர்னார்டு விண்மீனுக்குக் கிரகம் இருப்பதாகப் பீட்டர் வான் டி காம்ப் அறிவித்ததும் இப்படித்தான் முடிந்தது. தொலைநோக்கியின் வில்லையைக் கழற்றி மாட்டியபோது ஏற்பட்ட நகர்வுதான் விண்மீனின் ஆட்டமாகத் தெரிந்திருக்கிறது.

61 சிக்னியை விடுங்கள், வேறெங்காவது மெஸ்க்லின் இருக்கலாமா? ஒரு பொருள் உடையாமல் சுழலக்கூடிய உச்ச வேகம் அதன் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. 18 நிமிட நாள் வேண்டுமானால் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 100 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். கிளெமென்டின் அளவுகளிலிருந்து கணக்கிட்டால் 300 மடங்கு வருகிறது. ஈயம் 11, சூரியனின் மையமே 150 சொச்சம்தான். 16 வியாழன் நிறை ஓரிடத்தில் சேர்ந்தால் அதில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பொருள், விண்மீனாகும் அளவுக்கு நிறை கூடாதவரை, ஏறத்தாழ வியாழன் அளவிலேயே நின்றுவிடும். கப்பல் ஓட்டக் கடலும் நடக்கத் தரையும் அங்கே கிடையாது. அதோடு 13 வியாழன் நிறையைத் தாண்டினால் உள்ளே டியூட்டீரியம் என்ற கனமான வகை ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் எரியத் தொடங்கும். அதைக் கிரகம் என்று சொல்லாமல் பழுப்புக் குள்ளன் என்று சொல்கிறோம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு உள்சூட்டில் கனன்றுகொண்டிருக்கும். இதில் பல விஷயங்கள் 1953-ல் தெரியவராதவை, அதனால் நாவலின் குறை என்று இதை நான் எண்ணுவதில்லை. ஆனால் வேகமாகச் சுழலும் ராட்சதர்கள் என்ற பகுதி பொய்யாகவில்லை. 2021-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அவதானிப்புகளிலிருந்து மூன்று பழுப்புக் குள்ளன்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதாகக் கண்டார்கள். 18 நிமிடம் இல்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் என்பது லேசுப்பட்டதல்ல.

இதுவரை சொன்னது கிரகத்தின் கணக்கு. நாவலில் எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்த ஈர்ப்பிலிருந்து அங்கே வாழ்பவர்களின் மனம் எப்படி உருவாகிறது என்பது. 700 மடங்கு ஈர்ப்பில் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவது, பூமியில் 105 மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். திருத்திய கணக்குப்படி 250 என்று வைத்தாலும் பத்துமாடிக் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து விழுந்த கதைதான். அதனால் மெஸ்க்லின்வாசிக்கு உயரம் என்றாலே மரண பயம். ஒரு பொருளுக்கு அடியில் நிற்க மாட்டான். எறிதல் என்ற எண்ணமே அவனுக்குக் கிடையாது, எறிந்தால் கையைவிட்ட கணமே தரையில் கிடக்குமே! நடுக்கோட்டுக்கு வந்த பார்லென்னனை லாக்லண்ட் தன் வண்டியின் மேல் தூக்கிவைக்கும் காட்சியை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். நமக்குச் சாதாரணமான ஒரு செயல், அவனுக்கு உயிர் போகிற அனுபவம். மூன்று மடங்கு எடையில் மனிதன் மூச்சுவாங்கிக் கொண்டிருக்க, அவனோ காற்றில் பறந்துவிடுவேனோ என்று பயப்படுகிறான். நட்பில்லாத கிரகம் என்று பின்னட்டையில் போடுவார்கள். அது லாக்லண்டுக்குத்தான் நட்பில்லாதது. பார்லென்னனுக்கு அது சொந்த ஊர், வியாபாரம் செய்யும் ஊர்.

கப்பலையும் இப்படியே யோசித்திருக்கிறார். ஈர்ப்பு கூடினாலும் மிதப்பது மிதக்கும், ஏனென்றால் கட்டையும் கனக்கிறது, மீத்தேனும் கனக்கிறது. ஆனால் உள்ளீடற்ற படகின் கதி வேறு. 250 மடங்கு ஈர்ப்பில் திரவ மீத்தேனில் 10 சென்டிமீட்டர் ஆழம் போனாலே, நம் கடலில் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் வந்துவிடும். பக்கப் பலகை நசுங்கிவிடும். அதனால்தான் பார்லென்னனின் 'ப்ரீ' நம் ஊர்க் கட்டுமரம்போல, சின்னச் சின்னத் தெப்பங்களைச் சேர்த்துக் கட்டிய கப்பல். நடுக்கோட்டுப் பக்கத்தில் அவனுக்குக் கிடைக்கும் குடைவான ஓடம் துருவத்தை நோக்கிய பயணத்தில் தாக்குப்பிடிக்காது.

இன்னொரு இடம், முதல் வாசிப்பில் நானே கதையளப்பு என்று நினைத்தது. மெஸ்க்லின்வாசிகள் தங்கள் உலகத்தைக் கிண்ணம் போலக் குழிந்தது என்று நம்புகிறார்கள், வரைபடத்தைக் கூடக் கிண்ணத்தில்தான் வரைகிறார்கள். தொடுவானம் அவர்களுக்கு மேலே உயர்ந்து தெரிகிறதாம். கணக்குப் போட்டால் மனிதர் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஈர்ப்பு கூடும்போது காற்றின் அடர்த்தி உயரத்தோடு சட்டென்று குறையும். 250 மடங்கு ஈர்ப்பில், அந்தக் குளிரில், மெஸ்க்லினின் ஹைட்ரஜன் காற்று 170 மீட்டர் மேலே போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்படிப்பட்ட காற்றில் கிடையாகப் போகும் ஒளி, கிரகத்தின் வளைவைவிட அதிகமாகக் கீழ்நோக்கி வளையும். ஆகவே தூரத்துத் தரை மேலே ஏறித் தெரியும். நடுக்கோட்டின் 3 மடங்கு ஈர்ப்பில்கூட இது நடக்கும். பூமியில் ஒளியின் வளைவு தரையின் வளைவில் ஏழில் ஒரு பங்குதான், அதனால் நாம் தப்பித்தோம்.

உயிர் விஷயத்தில் நான் அடக்கி வாசிக்க வேண்டும், உயிரியல் என் பாடம் அல்ல. மீத்தேன் கடல் என்பது இனிக் கற்பனை இல்லை. சனியின் டைட்டன் நிலவில் மீத்தேனும் ஈத்தேனும் நிறைந்த ஏரிகளும் கடல்களும் உண்டு. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அங்கே தரையிறங்கியது, வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். ஹைட்ரஜனைச் சுவாசித்து, அசெட்டிலீன் போன்றவற்றை மீத்தேனாக மாற்றி ஆற்றல் பெறும் உயிர் இருக்கலாம் என்று 2005-ல் மெக்கே, ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதுவரை அப்படி ஒரு நுண்ணுயிர்கூட எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் குளிரில் வேதிவினைகள் ஆமை வேகத்தில்தான் நடக்கும். பார்லென்னன் போல ஓடியாடி, பேரம் பேசி, சட்டென்று முடிவெடுக்கும் உயிரை அங்கே நம்புவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உடம்பின் அளவு மட்டும் நியாயமானது. அவன் பரிமாணங்களை வைத்துப் பார்த்தால் நிறை முக்கால் கிலோ இருக்கும். 250 மடங்கு ஈர்ப்பில் அது ஏறத்தாழ 190 கிலோ எடை, 36 கால்களுக்குப் பங்கிட்டால் காலுக்கு 5 கிலோ. சிறிய உடம்பு, நிறையக் கால், தரையோடு ஒட்டிய நடை. அந்த இடத்தில் வேறு எந்த உருவமும் நிற்காது.

பையனுக்குப் படிக்கக் கொடுக்கலாமா என்றால், அவன் ஏற்கெனவே படித்துவிட்டான், நீங்கள்தான் மிச்சம். இலக்கியமாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். மனிதப் பாத்திரங்கள் அட்டைப்படம் மாதிரி, உரையாடல் பாதி இடத்தில் ஆய்வகக் குறிப்பேடு மாதிரி. பார்லென்னன் ஒருவன்தான் ஆள். அவன் கடைசியில் மனிதர்களிடம் என்ன கூலி கேட்கிறான் என்பதை நான் சொல்லப் போவதில்லை. மகனிடம் ஒரு காகிதம் கொடுத்து, நிறை 16 வியாழன், நடுக்கோட்டு ஆரம் 38,600 கி.மீ., நாள் 17.75 நிமிடம், நடுக்கோட்டில் எடை என்ன என்று கேளுங்கள். அவன் பாடப்புத்தகத்தில் இருக்கும் இரண்டு சூத்திரங்கள் போதும். 2-ஐ ஒட்டி வந்தால் சரி. துருவக் கணக்கு கல்லூரி மட்டத்தைச் சேர்ந்தது, அதை ஒரு நாலு வருடம் கழித்துப் போட்டுக்கொள்ளட்டும்.